அல்முத் அக்கா குறைத்துப் போட்ட பில்

எங்கள் தோட்ட வேலைக் கம்பெனியில் பில் போடுகிறவர் அல்முத் ஹார்ம்ஸ். வயது ஐம்பத்தேழு. முதுகெலும்பில் இரண்டு கண்ணியை ஆணி அடித்து ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்க வராது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆளே முழுசாகத் திரும்புவார். அப்படித் திரும்பும்போது, ஒரு தப்பும் செய்யாதவனுக்குக்கூடத் தான் என்ன செய்தோம் என்று யோசனை வரும்.

சாயங்காலம் எங்கள் வேன் முற்றத்துக்குள் நுழைந்ததும், அலுவலகமாக வைத்திருக்கும் தகரக் கன்டெய்னரின் கதவைத் திறந்துகொண்டு வாசலில் வந்து நிற்பார். வேலை முடிந்ததா, யாருக்காவது அடிபட்டதா, மழையில் மாட்டிக்கொண்டோமா என்று ஒன்றும் கேட்க மாட்டார்.

"இன்னைக்கு என்ன குடுத்தாங்க?"

இதுதான் முதல் கேள்வி. நாங்கள் சொன்னதும் இரண்டாவது வரும்.

"மேசையிலயா, கையிலயா?"

எங்கள் அம்மர்லாந்து மாவட்டத்தில் தோட்ட வேலைக்கு ஆள் வந்தால் காலை ஒன்பதரைக்கு வீட்டுக்காரர் காபி கொடுப்பார். காபி என்றால் வெறும் காபி இல்லை. வெண்ணெய் கேக் வரும், பன்றிக்கறி தடவிய ரொட்டி வரும், வசதியான வீடாக இருந்தால் இரண்டும் வரும். சில வீட்டில் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். உயிர்வேலி ஓரமாக நின்றபடியே தின்போம். சில வீட்டில் மேசை போட்டு உட்கார வைத்து, ஊர்க்கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் எழுப்புவார்கள்.

எங்கள் மேஸ்திரி மென்னோ தினமும் வேலைத்தாளில் நேரம் எழுதுவார். ஏழரைக்கு வந்தோம், நாலு மணிக்குக் கிளம்பினோம், மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்தால் ஆளுக்கு எட்டு மணி நேரம். ஒன்பதரை மணிக் காபியை அவர் கழிக்க மாட்டார். "காபி குடிக்கும்போது நாம எங்க இருக்கோம்? அவங்க தோட்டத்துலதானே? அப்புறம் என்ன?" என்பார். முதலாளி ஒக்கோ தாளைப் பார்த்துச் சம்பளம் போடுவார். அல்முத் அக்கா தாளைப் பார்த்து பில் போடுவார். அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் பெயர் ஃபென்னா. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். இங்கே வேலை பழக வந்து இது இரண்டாவது வருடம். வந்த முதல் வாரத்திலேயே மென்னோ என்னை எச்சரித்தார்.

"அந்தப் பொம்பளைகிட்ட ஜாக்கிரதையா இரு. கேக் மேல ஆசை இருந்தா ஒரு தடவையாவது ஒரு துண்டு கொண்டுவான்னு சொல்லியிருக்கும் இல்ல? சொன்னதே இல்ல. அப்ப எதுக்குக் கேக்குது?"

"தனியா இருக்கு பாவம், காதாலயாவது சாப்பிடட்டும்" என்றான் ஹில்கோ. அவன்தான் எங்கள் மூன்றாவது ஆள்.

தனியாக இருப்பது உண்மைதான். பத்தொன்பது வருடம் மரக்கன்றுப் பண்ணையில் மண்ணில் கிடந்தவர் அவர். ஒரு பார்வையில் வேலி எத்தனை மீட்டர் என்று சொல்வாராம். முதுகு போனதும் ஓய்வூதிய அலுவலகத்தில் கணினி வகுப்புக்கு அனுப்பினார்கள். நாற்பத்தொரு வயதில் இரண்டு விரலால் தட்டக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் இரண்டு விரல்தான். லாரி ஓட்டிய புருஷன் ஸ்பெயினுக்கு ஆரஞ்சு ஏற்றப் போய், அங்கிருந்தே விவாகரத்துக் காகிதத்தைத் தபாலில் அனுப்பினான். மகள் பிரேமன் நகரில் மூக்குக்கண்ணாடி விற்கிறாள். ஊருக்கே தோட்டத்துக்கு பில் போடுகிறவருக்குச் சொந்தமாக இருப்பது மூன்றாவது மாடியில் குளியல் துண்டு அகலத்துக்கு ஒரு பால்கனி.

எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது கேக்கினால் இல்லை. சனிக்கிழமையால். பில்லைத் தபாலில் அனுப்ப மாட்டார். சனிக்கிழமை காலை சைக்கிளில் ஏறி, வீடு வீடாகப் போய்த் தன் கையால் கொடுப்பார். எட்டு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர், அதுவும் அந்த முதுகை வைத்துக்கொண்டு. ஒக்கோ கேட்டால் "தபால்தலைக் காசு மிச்சம்" என்பார். தபால்தலையைவிட டயர் செலவு அதிகம் என்பது எனக்கே தெரியும், நான் கணக்கில் தேறாதவள்.

ஒரு சனிக்கிழமை பின்னாலேயே போனேன். திருமதி ஆலர்ஸ் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அந்த வாரம் நாங்கள் அங்கே வேலி நறுக்கியிருந்தோம். மணியை அடிக்கவில்லை. முதலில் வேலியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். உள்ளங்கையை மேலே வைத்துத் தடவிக்கொண்டே போனார். அப்புறம்தான் மணி. பில்லைக் கொடுத்தார். திருமதி ஆலர்ஸ் உள்ளே போய் ஒரு உறையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். அக்கா அதைத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு (அதாவது, முழு உடம்பையும் இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு) கோட்டின் உள்பையில் வைத்தார்.

திங்கட்கிழமை இதை மென்னோவிடம் சொன்னேன். சும்மா, வேனில் பேச்சுக்கு. அவர் வண்டியையே ஓரம் கட்டிவிட்டார்.

"உறையா? தடியா இருந்துச்சா?"

"பாதித் தடி."

"பாத்தியா. நான் சொன்னேன் இல்ல."

இதெல்லாம் நடந்த பிறகுதான் லுட்மன் வீட்டு வேலை வந்தது.

லுட்மன் நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய வேலியைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்து, கல் பாவிய நடைபாதை போட வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை மூன்று ஆள் வேலை. காலையில் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து புல் நடுவில் போட்டுக்கொள்வார். ஒரு கையில் நோட்டு, இன்னொரு கையில் கடிகாரம். அவர் வீட்டிலிருந்து காபி இல்லை, தண்ணீர்கூட இல்லை. தோட்டக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார். தினமும் வேனில் பத்து நிமிடம் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபி குடிப்போம். திரும்பி வந்தால் அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கமான கேள்வி வந்தது. எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"லுட்மன் சாரா? நம்ப மாட்டீங்கக்கா. வெண்ணெய் கேக். அவிச்ச முட்டை ஆளுக்கு ரெண்டு."

"மேசையிலயா, கையிலயா?"

"மேசையிலதான். துணி விரிச்சு."

மென்னோவும் ஹில்கோவும் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். அல்முத் அக்கா தலையாட்டி உள்ளே போனார். செவ்வாய்க்கிழமை பன்றித்தொடைக்கறி கொடுத்தார் லுட்மன். புதன்கிழமை சுடச்சுட வாஃபிள், மேலே செர்ரிப் பழம். அவரே அடுப்பில் நின்று சுட்டு, இரண்டாவது சுற்றுக்கு எழுந்து போனார். வியாழக்கிழமை பிளம் கேக், பாலாடையோடு. வெள்ளிக்கிழமை எனக்கே அலுத்துவிட்டது. மழை என்று சொல்லி வெறும் ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டோம்.

நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை, லுட்மன் முற்றத்தில் வந்து இறங்கினார். வேனில் கல் ஏற்றிக்கொண்டிருந்த எங்களைத் தாண்டி நேராகக் கன்டெய்னருக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் கல்லை மெதுவாக ஏற்றினோம்.

"தினம் பத்து நிமிஷம் நின்னதைக் கழிச்சு, என் கணக்குப்படி நூத்திப் பதினேழரை மணி நேரம்" என்றார். "உங்க பில்லுல நூத்தியெட்டே முக்கால்."

ஒக்கோவுக்குப் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் புரியவில்லை. "அப்ப குறைச்சுத்தானே போட்டிருக்கு சார்?"

"அதைத்தான் கேக்கறேன். ஏன் குறைச்சுப் போட்டிருக்கு?"

"குறைஞ்சா நல்லதுதானே?"

"யாருக்கு நல்லது? ரெண்டு நாளா உங்க கல்லை எண்ணிட்டிருக்கேன். ஆயிரத்து நானூத்திப் பதிமூணு. பில்லுலயும் அதே. மண்ணு எத்தனை வண்டின்னும் சரியா இருக்கு. எங்கயும் ஒரு காசு கூடுதல் இல்ல. அப்ப எட்டே முக்கால் மணி நேரத்தை எதுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க? அடியில மணல் போடாம விட்டீங்களா?"

ஒக்கோ அல்முத் அக்காவைப் பார்த்தார். அக்கா பில்லைப் பார்த்தார்.

"நாள்வாரியாப் பாருங்க" என்று லுட்மன் விரலை ஓட்டினார். "அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுட்டு, ஆளுக்கு எட்டு மணின்னே வச்சுக்குவோம். திங்கள் ரெண்டே கால் மணி குறையுது. செவ்வாய் ரெண்டே கால். புதன் மட்டும் மூணு மணி நேரம். ஏன் புதன்? அன்னைக்கு என்ன விசேஷம்?"

என் கையில் இருந்த கல் காலில் விழாதது என் அதிர்ஷ்டம். புதன்கிழமை விசேஷம் வாஃபிள். ஆளுக்கு ஒரு மணி நேரம், மூன்று பேர். முட்டைக்கும் தொடைக்கறிக்கும் பிளம் கேக்குக்கும் ஆளுக்கு முக்கால் மணி. வெள்ளிக்கிழமை கையில் வாங்கிய ரொட்டிக்கு அரை மணி. இரண்டு வருடமாக அவர் எதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அந்த நிமிடம் புரிந்தது. நாங்கள் தின்ற நேரத்தையெல்லாம் சத்தமில்லாமல் கழித்துக்கொண்டிருந்தார்.

ஒக்கோவுக்குப் புரிந்தது வேறு. மணல் போட்டிருக்கிறது என்று சத்தியம் செய்து லுட்மனை அனுப்பிவிட்டு, ஒரு வருட வேலைத்தாளையும் பில்லையும் எடுத்து வைத்து ஒப்பிட்டார். புதன்கிழமை காலை எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஒரு வருஷத்துல இருநூத்திப் பன்னண்டு மணி நேரம் காணோம். மணிக்கு அம்பத்திரண்டு யூரோ. பதினோராயிரத்துக்கு மேல. தாள்ல இருக்கு, பில்லுல இல்ல." அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார். "பில்லுல குறைச்சுக் காட்டிட்டு, மீதியைச் சனிக்கிழமை கையில வாங்கிக்கறீங்களா?"

பதினாறு வருடமாக 'நீ' என்று பேசியவர் 'நீங்க' என்றதும் எங்களுக்கே குளிரெடுத்தது.

"இல்ல" என்றார் அக்கா.

"உறை வாங்கினதைப் பாத்தவங்க இருக்காங்க."

மென்னோ கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப அந்த மணி நேரமெல்லாம் எங்க?"

அக்கா மேசை மேல் கிடந்த பில்களை அடுக்க ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். சொல்லலன்னா சாவியை மேசையில வச்சிட்டுப் போயிடுங்க."

மதியம் நான் மட்டும் கன்டெய்னருக்குப் போனேன். வேலைத்தாள் கொடுக்கிற சாக்கில். அவர் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார், ஒன்றும் நடக்காதது போல.

"அக்கா, நீங்க காபி நேரத்தைக் கழிக்கறீங்க."

விரல் நின்றது. ஆள் முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. முதலாளிகிட்ட அதைச் சொல்லிட்டா முடிஞ்சது இல்ல?"

"சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? தாள்ல தப்பு எழுதினது யாருன்னு வரும். மென்னோவுக்கு மூணு புள்ளைங்க. ஒக்கோ சம்பளத்துல பிடிச்சிருவான்." கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இருபத்திரண்டு வயசுல ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனோம். வயசான அம்மா. நாலு நாளும் விடியக்காலையில எழுந்து எங்களுக்குன்னு கேக் சுட்டாங்க. அப்போ இருந்த முதலாளி அந்த நேரத்துக்கும் சேர்த்து பில் போட்டான். அந்தம்மா கணக்குப் பாத்துட்டு என்னைக் கேட்டாங்க, 'நான் சுட்டதை நீங்க சாப்பிட்டீங்க, அதுக்குக் கூலியும் நானேதான் குடுக்கணுமா?'ன்னு. நான் என்ன பதில் சொல்லுவேன்? அந்தத் தெரு வழியா அப்புறம் போகவே இல்ல."

கையில் இருந்த வேலைத்தாளை மேசையில் வைத்தேன்.

"லுட்மனையே பாரேன்" என்றார். "வாஃபிள் சுட்டுக் குடுத்த மனுஷன், பத்து நிமிஷம்தான் நின்னாங்கன்னு எழுதிக்கிட்டு வர்றாரு. நல்லது செஞ்சதை வெளிய சொல்லக் கூச்சம் போல. சில பேர் அப்படி."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மனிதரை அவர் அவ்வளவு நல்லவராக வைத்திருந்தார்.

வேனில் மென்னோ என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"நீ எங்கயாவது போய் உளறினே, முதல்ல மாட்டறது நாங்கதான். ஞாபகம் வச்சுக்கோ."

"அவங்க பணம் வாங்கல."

"உறையைப் பாத்தது யாரு? நானா? உன் கண்ணுதானே?"



வெள்ளிக்கிழமை நாலரைக்கு எல்லோரும் கன்டெய்னருக்குள் நின்றோம். அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். தம்ளரைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். சாவி மேசை மேல் இருந்தது.

"சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்றார் ஒக்கோ.

"பில்லெல்லாம் சரியா இருக்கு. அவ்வளவுதான்."

"மேசை டிராயரைத் திறங்க."

திறந்தார். உள்ளே உறைகள். நாற்பது, ஐம்பது இருக்கும். பழைய மின்சார பில் வந்த உறை, வங்கி உறை, எல்லாம் ஏற்கெனவே கிழித்தவை. ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயர். ஆலர்ஸ் என்று ஒன்று இருந்தது. மென்னோ என் விலாவில் இடித்தார். ஒக்கோ அதை எடுத்து, வாயைப் பிரித்து, மேசை மேல் உதறினார்.

சுருண்ட புழு மாதிரி ஏதோ கொட்டியது.

"என்ன இது?"

"சாமந்தி விதை" என்றார் அக்கா. "அடுத்தது லூப்பின் பூ விதை. அதைக் கொட்டாத, ரெண்டும் கலந்துரும்."

ஒக்கோ இன்னும் நாலு உறையைப் பிரித்தார். இந்தத் தடவை உதறவில்லை, எட்டிப் பார்த்தார். விதை, விதை, விதை, ஒன்றில் காய்ந்த பூ.

"பில் குடுக்கப் போறப்ப தோட்டத்தைப் பாப்பேன். கேட்டா குடுப்பாங்க. பால்கனிக்கு."

"சரி. விதைன்னே வச்சுக்கறேன்" என்றார் ஒக்கோ. குரல் இறங்கவில்லை. "பதினோராயிரம் எங்க? அதுக்கு விதை பதில் இல்ல. லுட்மன் வீட்டுல மட்டும் மென்னோ தாள்படி பதினொண்ணேகால் மணி நேரம். அதை யாருக்குக் குடுத்தீங்க?"

அக்கா சாவியை ஒக்கோ பக்கமாக நகர்த்தினார்.

"அது என்னோடது" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பினார்கள். அக்கா கடைசியாக, முழுசாக.

"லுட்மன் வீட்டுல எங்களுக்குப் பச்சைத் தண்ணிகூட குடுக்கல. நான்தான் அக்காகிட்ட தினமும் விருந்துன்னு அளந்து விட்டேன். அதை நம்பிக் கழிச்சிருக்காங்க. மத்த வீட்டுல நிஜமாவே குடுத்தாங்க. அங்கயும் அதைத்தான் கழிச்சிருக்காங்க. நாங்க உக்காந்து சாப்பிட்ட நேரம் அது. தாள்ல வேலைன்னு எழுதியிருக்கோம்."

மென்னோ தன் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணை ஆராய ஆரம்பித்தார். ஹில்கோ எப்போதோ கதவோரம் போயிருந்தான்.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். "வாஃபிள் இல்லையா?"

"இல்லக்கா."

"செர்ரி?"

"அதுவும் இல்ல."

"துணி விரிச்ச மேசை?"

"மேசையே இல்லக்கா."

"பத்து நாளா அந்த மனுஷனைப் பத்தி நல்லவிதமா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஒக்கோ நாற்காலியில் உட்கார்ந்தார். விதைகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"திருடியிருந்தா போலீசுக்காவது போயிருப்பேன். இதுக்கு நான் எங்க போறது? மென்னோ, இது நிஜமா?"

"மத்த கம்பெனியிலயும் இப்படித்தான் எழுதறாங்க" என்றார் மென்னோ, பூட்ஸிடம்.

"அதை நான் கேக்கல."

"நிஜம்தான்."

ஒக்கோ ஒரு பழைய தாளின் பின்பக்கம் பெருக்கினார், அடித்தார், மறுபடி பெருக்கினார். கடைசியில் சொன்னார்: திங்கட்கிழமையிலிருந்து வேலைத்தாளில் காபிக்குத் தனிக் கட்டம் இருக்கும். அதற்கு பில் கிடையாது. ஆள் சம்பளத்தில் கை வைக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக மணிக்கு அம்பத்தி நாலு யூரோ.

"அப்ப காபி குடுக்கறவங்களும் குடுக்காதவங்களும் ஒரே ரேட்டா?" என்றார் அக்கா.

"ஆமா. எனக்கும் வயிறு இருக்கு." சாவியை அவர் பக்கம் தள்ளினார். "கோட்டைக் கழட்டு. லுட்மனுக்கு விட்டுப்போன எட்டே முக்கால் மணிக்கு பில் போடணும். அவர் தூங்க மாட்டாரு."

அக்கா சாவியைத் தொடவில்லை.

"எழுதிக் குடு" என்றார்.

"எதை?"

"மூணு பேர் முன்னால என்னைத் திருடின்னு கேட்டே. தேடிப் பாத்தேன், இல்லன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரை வச்சுக் குடு."

"அதான் சரியாப் போச்சே, அல்முத்."

"எனக்குச் சரியாப் போகல."

ஒக்கோ எழுதினார். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை, பேனா அதில் ஒரு குச்சி மாதிரி இருந்தது. அக்கா வாங்கிப் படித்தார்.

"'தவறான புரிதல்'னு எழுதியிருக்க. நீ தவறாப் புரிஞ்சிக்கல. சந்தேகப்பட்டே. அதை எழுது."

இரண்டாவது தாளில் ஒக்கோ அதை எழுதினார், காது சிவக்க. முத்திரை குத்தினார். அக்கா அதை என் பக்கம் நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்து."

"இவளா?" என்றார் ஒக்கோ. "இவ விட்ட கதையாலதானே இவ்வளவும்."

"இந்த ரூம்ல பொய்யைத் தானா ஒத்துக்கிட்டது இவ ஒருத்திதான். மென்னோவை நீ கேட்டப்புறம்தான் வந்துச்சு. போடு, ஃபென்னா."

போட்டேன். அக்கா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என் கிறுக்கலைப் பார்த்தார்.

"இது உன் நிஜக் கையெழுத்துதானே?"

"ஆமாக்கா."

"அடையாள அட்டையைக் காட்டு."

காட்டினேன். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அப்புறம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், தாளில் இரண்டு துளை போட்டு ஃபைலில் கோத்தார், இரண்டு விரலால் லுட்மன் பெயரைத் தட்ட ஆரம்பித்தார்.